பத்துக்குப் பத்து

அந்த நாற்காலி வேணாம் சார், ஒரு கால் ஆடும். இந்த ரோலர் மேல உக்காருங்க. ஆட்டம் இப்போதைக்கு முடியாது, நிம்மதியாப் பேசலாம். கமிட்டிக்குப் புதுசா வந்தவரு, கடைசி செட்டுக்கு டை-பிரேக் வைக்கலாமான்னு என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கேக்குறீங்க. இத்தனை வருஷத்துல கோர்ட்டுக்குத் தண்ணி விட்டியான்னுதான் கேட்டிருக்காங்க. ஓட்டு அடுத்த வாரமா? சரி.

கேட்டுப் பக்கம் பாக்காதீங்க சார். ஆமா, தொப்பி போட்டவருதான். என்னைப் பாக்கத்தான் வந்திருக்காரு. ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லியனுப்பியிருக்கேன். இருக்கட்டும், அவருக்கு என்ன அவசரம்.

இவங்களப் பாருங்க. இந்தப் பக்கம் டாக்டரு. ஊருக்கெல்லாம் மூட்டு பாக்குறவரு, அவரு மூட்டப் பாக்க ஆளில்ல. அந்தப் பக்கம் மரக்கடைக்காரரு. ஒருத்தரு பந்த வானத்துக்குத் தூக்கி விடுறாரு, அது இறங்கி வர்றதுக்குள்ள இன்னொருத்தரு மூச்சு வாங்கிக்கிறாரு. மத்த செட்டுன்னா ஆறுக்கு ஆறு வந்ததும் ஏழு பாயிண்ட் டை-பிரேக்ல, ஏழ முதல்ல தொட்டவனுக்குச் செட்டுன்னு தீத்து விட்டுடலாம். கடைசி செட்டுல மட்டும் ரெண்டு கேம் முன்னாடி போற வரைக்கும் ஆடணும்னு இந்த டென்னிஸ் கிளப்புல சட்டம். போக மாட்டாங்களே! ஒருத்தரு ஏறுனா இன்னொருத்தரு காலப் புடிச்சு இழுக்குறாரு. பதினொண்ணுக்குப் பதினொண்ணு.

ஸ்கோர் போர்டுல நம்பர் ஏன் கோணலா இருக்குன்னா கேக்குறீங்க? நம்பர் தகடு ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டுதான் சார் இருக்கு. பதினொண்ணுக்குப் பதினொண்ணுன்னா நாலு ஒண்ணு வேணும். எங்க போவேன்? ரெண்டு ஏழு தகட்ட எடுத்து, தலையில ஈரமண்ணப் பூசி ஒண்ணாக்கி மாட்டியிருக்கேன். காய்ஞ்சு உதிந்துச்சுன்னா பதினேழாயிடும். அப்போ டாக்டரு ஜெயிச்சிட்டேன்னு குதிப்பாரு.

ஆமா சார், டை-பிரேக் வேணும்னுதான் இவ்வளவும் சொல்றேன். என் இடுப்ப வெச்சுப் பாத்தா வேணும். மண்ணு கோர்ட்டு, பேஸ்லைன்கிட்ட பாருங்க, கோழி கிளறுன மாதிரி இருக்கு. இதையெல்லாம் நான்தானே இழுத்துச் சமம் பண்ணணும். என் வீட்டுக்காரி மூணு தடவ போன் பண்ணிட்டா. நான் எடுக்கல. எதுக்குப் பண்றான்னு தெரியும்.

ஆனா இதே வாய்தான் சார் இவ்வளவு காலமா வேணாம்னு சொல்லிட்டு இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க யார வேணா கேளுங்க. கிழவன்கிட்ட டை-பிரேக்னு மட்டும் சொல்லிடாதீங்க, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்னு சொல்லுவாங்க.

ஏன்னா? அது ஒரு பழைய கதை. வேணாம், விடுங்க. நல்ல ஷாட்டு டாக்டர்!

விட மாட்டீங்களா.

நானும் என் தம்பியும் இங்க மார்க்கரா இருந்தோம். மார்க்கர்னா மெம்பருங்களோட ஆடிப் பழக்கி விடுற ஆளு. அவங்க அடிக்கிற மாதிரி பந்து போடணும், அவங்க தோக்காத மாதிரி நாம தோக்கணும், அதான் வேலை. இப்படிக் குப்ப கூட்டல சார் அப்போ. வெள்ளை டவுசர், வெள்ளை சட்டை. தம்பிக்கு நான்தான் ராக்கெட்டப் புடிக்கக் கத்துக் குடுத்தேன். கத்துக் குடுத்ததுக்கு அப்புறம் அவன் என்னை விட நல்லா ஆடுனான். அதுல எனக்கு வருத்தமில்ல. கொஞ்சம் இருந்துச்சு.

ஹெட் மார்க்கர் வேலை காலியாச்சு. ஒரு இடம், நாங்க ரெண்டு பேரு. கமிட்டிக்கு யோசிக்கச் சோம்பல். ரெண்டு பேரும் ஆடுங்கடா, ஜெயிக்கிறவனுக்கு வேலைன்னுட்டாங்க. இதே கோர்ட்டு. ஆளுக்கு ஒரு செட்டு எடுத்தோம். மூணாவது செட்டு இழுத்துச்சு பாருங்க, எட்டுக்கு எட்டு, ஒம்போதுக்கு ஒம்போது, பத்துக்குப் பத்து. எனக்குக் கெண்டைக்கால் முறுக்கிக்கிச்சு. அவனுக்கு உள்ளங்கை கிழிஞ்சு ராக்கெட்டெல்லாம் ரத்தம். அந்த மாதிரி நாங்க ஆடுனதே இல்ல சார். சமையல்காரங்கல்லாம் கரண்டியோட வந்து நின்னு பாத்தாங்க.

அப்போ செகரட்டரி படியிறங்கி வந்தாரு. புல்வெளியில சாயங்காலம் விருந்து. நாற்காலி போடணும், மேசை போடணும், ஆளு வேணும். போடுற ஆளுங்க யாரு? நாங்கதான்! கையக் கட்டிட்டு நின்னு பாத்தாரு. எங்கயோ வெளியூர்ல புதுசா டை-பிரேக்னு ஒண்ணு வந்திருக்கு, ஏழு பாயிண்ட், அதோட முடிச்சுக்குங்கன்னாரு. நான் முடியாதுன்னேன். ஆரம்பிக்கும்போது இல்லாத சட்டம் பாதியில எப்படி வரும்? அவரு என்னை விட்டுட்டுத் தம்பியப் பாத்தாரு. தம்பி தலைய ஆட்டுனான். சரிங்க சார்னு.

அதான் சார். அந்தத் தலையாட்டல்தான். தோத்ததையெல்லாம் நான் எப்பவோ விட்டுட்டேன்.

எனக்கு அந்த டை-பிரேக் என்னன்னே தெரியாது. முதல் சர்வீஸ் எனக்கு. போட்டேன், பாயிண்ட் எனக்குத்தான். வழக்கம் மாதிரி இந்தப் பக்கம் நகந்து அடுத்த சர்வீஸுக்குப் பந்தத் தட்டிட்டு நிக்கிறேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியல. தம்பி நெட்டுகிட்ட வந்து, இப்போ என் சர்வீஸுண்ணே, ஒண்ணு போட்டதும் மாறணும்ணேன்னு சொல்றான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கு! எங்கயோ டிவியில பாத்திருக்கான், எங்கிட்ட சொல்லல. அந்த ண்ணே இன்னும் காதுக்குள்ள கிடக்கு சார். அதுக்கப்புறம் பந்து எங்க போச்சு, ராக்கெட்டு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. முடிஞ்சிபோச்சு. ஒரு சாயங்காலம் பூரா உயிரக் குடுத்து ஆடுனது, மூக்கு சிந்துற நேரத்துல முடிஞ்சிபோச்சு.

நேராப் போயி நாற்காலி போட்டோம். நீள மேசையில ஒரு முனைய நான் தூக்குறேன், இன்னொரு முனைய அவன் தூக்குறான். கிழிஞ்ச கையோட. புல்லு மேல இறக்கி வெச்சோம். நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச கடைசி வேலை அதுதான்.

அவன் ஹெட் மார்க்கர் ஆனான். கொஞ்ச நாள்ல பெரிய கிளப்புக்குப் போனான், கல்யாணம், வீடு, எல்லாம் ஆச்சு. நான் அவன் கல்யாணத்துக்குப் போகல. எங்கம்மா போனப்போகூடக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நடுவுல நெட்டு கட்டுன மாதிரி நின்னோம். என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா, உங்க ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்துத் தொலைச்சிருக்காங்கன்னு.

ஆமா சார். தொப்பி. அவனேதான். மத்தியானத்துலேர்ந்து உக்காந்திருக்கான். என் வீட்டுக்காரிதான் போன் பண்ணி வரச் சொல்லியிருப்பா, வேற யாரு.

எந்திரிக்காதீங்க, நான் போறேன், போறேன். ஆட்டம் முடியட்டும். ஒவ்வொரு கேமுக்கும் டாக்டரு தோத்துடக் கூடாதுன்னு நான்தான் சாமியக் கும்பிட்டுக்கிறேன். இப்பப் புரியுதா? வாய் டை-பிரேக் வேணும்னு சொல்லுது. இவங்க இன்னும் இழுக்க மாட்டாங்களான்னு உள்ளுக்குள்ள கிடந்து அடிச்சுக்குது.

அய்யோ. நெட்டுல போட்டாரே. முடிஞ்சிருச்சா? பதினஞ்சுக்குப் பதிமூணு. மரக்கடைக்காரரு தரையிலயே படுத்துட்டாரு பாருங்க, ஜெயிச்சவரு மாதிரியா இருக்காரு? டாக்டரு கையக் குடுத்துத் தூக்குறாரு. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. தோத்தவரும் சிரிக்கிறாரு சார்.

இவங்கள யாரும் பாதியில வந்து நிறுத்தல, அதான். உங்க கேள்விக்கு என் பதில் இதுதான், எழுதிக்கணும்னா எழுதிக்குங்க. ஆட்டத்துக்கு முன்னாடியே சொல்லிட்டு எந்தச் சட்டத்த வேணா வைங்க. நடுவுல மட்டும் நாற்காலி போடணும்னு எவனும் வந்துடக் கூடாது.

சரி, கொஞ்சம் நகருங்க, பேச்சுல போர்ட மாத்தவே இல்ல, தகட்டக் கழட்டணும். இந்த ஏழுங்களக் கழுவி வைக்கணும். அந்தப் பெட்டியிலேர்ந்து ரெண்டு பூஜ்யத்த எடுத்துக் குடுங்க சார். அந்த ரெண்டு ஒண்ணும் போர்டுலயே இருக்கட்டும்.

எதுக்கா? அவன் கையில ஒரு பை வெச்சிருக்கான் பாத்தீங்களா. வாட்ச்மேன் உள்ள என்னன்னு தொறந்து பாத்திருக்கான். ரெண்டு ராக்கெட்டு. தம்பி அவன்கிட்ட, அந்த ஏழு பாயிண்ட்ட நான் என்னைக்குமே கணக்குல சேத்துக்கல, பத்துக்குப் பத்துலேர்ந்து ஆடலாம், அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னானாம். காலு ஒண்ண இழுத்து இழுத்துத்தான் நடந்து வந்தான், இங்கேர்ந்தே பாத்தேன். எனக்கு இந்தத் தோள் காதுக்கு மேல தூக்காது. கீழேர்ந்துதான் சர்வீஸ் போடணும்.

நீங்க போற வழியில சொல்லிடுங்க சார். கோர்ட்ட ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கூப்பிடுறேன்னு சொல்லுங்க. வெளிச்சம் இன்னும் இருக்கு. சர்வீஸ் என்னுதுன்னும் சொல்லிடுங்க, மறந்திருப்பான்.