மூன்றாம் ஓலை

நாளிதழில் விளம்பரம் போக மிஞ்சுகிற இடத்துக்குப் பெயர்தான் செய்தி, டாக்டரம்மா. அந்த வருஷம் துறைமுகத்துக்கு வரவேண்டிய காகிதம் வரவில்லை, பக்கங்களைப் பாதியாக்கினோம். எதைப் போடுவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்தவன் நான். உங்கள் கட்டுரையின் இடத்தில் ஓர் உப்பளத்து விளம்பரம் வந்தது. தொழில் முறைப்படி அது சரி.

ஆனால் கட்டுரையை நன்றாகவே படித்தேன். சங்கு குளிக்கும் ஒரு குடும்பத்தில் சிலருக்குச் சிறுகச் சிறுகப் பார்வை போகிறது. கடல் உப்பு கண்ணைத் தின்றுவிட்டதாக அவர்கள் நம்புகிறார்கள். அது ரத்தத்தில் வருகிற நோய், சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைகளைப் பிடிக்கும். இப்படி எழுதியிருந்தீர்கள். பெயர் போடவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் கிளாடிஸின் தாய்மாமன் பர்னபாஸ் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பெயர் எதற்கு? "அந்த வீட்டில் நீங்களும் எடுத்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளிநாடு போனீர்கள்.

கிளாடிஸுக்கும் பர்னபாஸின் தம்பி மகன் இனிகோவுக்கும் அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். அதற்கு முன்பே, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் நான் கேட்டுப் பார்த்தேன். "ஒங்கள அண்ணனாத்தான நெனச்சேன்" என்று சிரித்தாள். இனிகோவைக் கண்டாலே எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தால் பொறாமையில் கலைக்கிறான் என்பார்களே.

மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் ஒவ்வொரு முறையும் கேட்டார். மூன்றாம் ஓலையன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெபமாலை உருட்டினேன்.

கல்யாணத்தன்று இனிகோ என்னைக் கட்டிக்கொண்டான். "ஏலே செபாஸ்டின், வயிறெரியாம வந்து நிக்கது நீ ஒருத்தன்தாம்ல."

இத்தனை வருஷம் கழித்துத் திரும்பிவந்து நேற்று நீங்கள் பரிசோதித்த விக்டோரியா அவர்கள் மகள். பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டித் தடுமாறுகிறாள் என்று கிளாடிஸ் போன மாதம் என்னிடம் வந்து அழுதாள். "எந்நேரமும் கடல்லயே கெடக்கா அண்ணே. உப்புத்தண்ணிதான் காரணமா இருக்குமோ?"

"ஆமா" என்றேன். அடுத்த பிள்ளையைக் கடல் பக்கமே விடாதே என்று யோசனையும் சொன்னேன். கிளாடிஸுக்கு இப்போது ஏழாம் மாதம்.

அந்த விளம்பரம் தானாக வந்ததல்ல. உப்பளத்துக்காரரிடம் நானே போய், பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிவந்தேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இதைப் பற்றி மறுபடி கட்டுரை எழுதினால் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், டாக்டரம்மா. அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன்.