ஐந்தரை சென்டிமீட்டர்

— ரெண்டு வருஷமா பொறுங்க, பொறுங்கன்னு சொன்னது நீங்கதானே டாக்டரம்மா? இப்ப திடுதிப்புன்னு இந்த வாரமே ஆபரேஷன்னா என்ன அர்த்தம்? நான் கேட்கிறேன், அன்னைக்கே செஞ்சிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?

— கோபப்படுங்கம்மா, தப்பில்லை. ஆனா பதிலையும் கேட்டுக்கோங்க. உங்க வீட்டுக்காரருக்கு வயித்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய் ஒரு இடத்துல வீங்கியிருக்கு. முதல்ல பார்த்தப்ப நாலு புள்ளி மூணு சென்டிமீட்டர். போன வருஷம் நாலு புள்ளி ஆறு. அந்த அளவுல குழாய் வெடிக்கிற ஆபத்தைவிட ஆபரேஷன் ஆபத்துதான் பெரிசு. அதனாலதான் காத்திருந்தோம்.

— காத்திருந்தது நீங்க. நான் தூங்கவே இல்ல. இவர் புரண்டு படுத்தாலே எழுந்து உக்கார்ந்து மூச்சு வருதான்னு பார்த்தவ நான்.

— ஏய், போதும் நிறுத்து. டாக்டர், அவ பேச்சை மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்த ஸ்கேன் தப்பு. அட, விடுங்க.

— எப்படி விடறது? பாருங்க சார், ஆம்பளைங்களுக்கு அஞ்சரை சென்டிமீட்டர் வந்தா செஞ்சிரலாம்னு ஒரு அளவு வச்சிருக்கோம். உங்களுது இப்ப அஞ்சு புள்ளி ஒன்பது. ஒரே வருஷத்துல இவ்வளவு வளர்ந்திருக்கு. அளவு சின்னதா இருந்தாக்கூட இந்த வேகத்தைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க மாட்டேன்.

— மெஷின் தப்பு. எழுதி வச்சுக்கோங்க.

— மெஷினுக்கும் உங்களுக்கும் என்ன வாய்க்கா தகராறா? அது எதுக்கு உங்க மேல பொய் சொல்லணும்?

— முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். ஸ்பீடாமீட்டர் முள்ளு பொய் சொன்னா ஸ்டியரிங்கைப் பிடிச்ச கை சொல்லிரும். என் உடம்பு எனக்குத் தெரியாதா?

— ஆமா, ரொம்பத் தெரியும். சிகரெட்டை விட்டுட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிட்டு டிப்போ பின்னாடி நின்னு ஊதுற உடம்புதானே? கேளுங்க டாக்டரம்மா, இந்த வீட்டுல பொறுப்பா ஒரு ஆம்பளை கிடையாது. இவர் இப்படி. இவரோட தம்பியைக் கூட வாங்கன்னு கூப்பிட்டேன். அண்ணன் உயிர் விஷயம், ஒரு ஆள் கூட இருந்தா தைரியமா இருக்குமேன்னு. அந்த மகராசன் இடுப்பு பிடிச்சிருக்குன்னு மாடியில படுத்துட்டார். நேத்து வரைக்கும் ஊரான் வீட்டு பீரோவை எல்லாம் தூக்கினவருக்கு இன்னைக்குப் பார்த்து இடுப்பு பிடிக்குது!

— அவனை எதுக்கு இழுக்கிற? லாரியில சாமான் ஏத்தி இறக்குறவன். பிடிக்கத்தான் செய்யும்.

— நீங்க சொல்லுங்க சார். புதுசா வயித்து வலி, முதுகு வலி, இடுப்பு வலி, ஏதாவது உண்டா?

— ஒண்ணும் கிடையாது. வேணும்னா இப்பவே எழுந்து குதிச்சுக் காட்டட்டுமா?

— வேண்டாம், உக்காருங்க. ஏன் கேட்கிறேன்னா, இவ்வளவு பெரிய வீக்கம் இருக்கிறவங்களுக்கு வலி வந்துட்டா அப்புறம் என்னைக்குச் செய்யலாம்னு யோசிக்க நேரமே கிடையாது. குழாய் கசிய ஆரம்பிச்சிருச்சுன்னுதான் எடுத்துக்குவோம். அப்படியே ஆம்புலன்ஸ்ல வந்துரணும். வெடிச்சிருச்சுன்னா பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே பார்க்கிறதில்ல.

— கேட்டீங்களா? காதுல விழுந்துச்சா? இல்ல, அதுவும் மெஷின் சொல்ற பொய்யா?

— விழுந்துச்சு, விழுந்துச்சு.

— டாக்டரம்மா, இவரை விடுங்க. எப்ப கூட்டிட்டு வரணும்? வயித்தைக் கிழிக்கணுமா?

— தொடை வழியா உள்ள போய் வீங்கின இடத்துல ஒரு உறை மாதிரி வச்சுரலாம். அது பொருந்தலைன்னா வயித்தைத் திறந்துதான் செய்யணும். எதுன்னு தெரிய இன்னொரு படம் எடுக்கணும். நாளைக்கே சேர்ந்துருங்க. அதுவரைக்கும் பஸ்ஸைத் தொடக்கூடாது சார். அஞ்சரைக்கு மேல போனா பயணிகளை ஏத்துற வண்டி ஓட்டக்கூடாதுன்னு விதி. உங்க டிப்போவுக்கு நான் எழுதித்தான் ஆகணும்.

— வந்தீங்களா வழிக்கு! இதுதான், இதுக்குத்தான் எல்லாரும் சேர்ந்து அலையறீங்க. ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. முப்பது வருஷம்! ஒரு காகிதத்தை வச்சுக்கிட்டு கீழ இறங்குடான்னா நான் இறங்கிரணுமா?

— நாப்பது பேர் உக்கார்ந்திருக்கிற பஸ் சார். ஆபரேஷன் முடிஞ்சு தேறிட்டீங்கன்னா திரும்ப ஓட்டலாம். யாரும் உங்க சீட்டைப் பறிக்கலை.

— எழுதுங்க, நல்லா எழுதுங்க! அந்த டேபிள்ல யார் படுத்தான்னுகூடப் பார்க்காம எழுதுங்க!

— என்ன சொல்றீங்க?

— என்னங்க... என்ன பேசறீங்க நீங்க?

— நான் படுக்கலை. போதுமா? ஸ்கேனுக்கு நான் போகவே இல்ல. என் கார்டைக் குடுத்து தம்பியை அனுப்பினேன். ரெண்டு பேரும் ஒரே ஜாடை. அங்க கார்டைத்தான் பார்க்கிறாங்க, மூஞ்சியை எவன் பார்க்கிறான்?

— அடப்பாவி மனுஷா!

— கத்தாத. வெளியில ஆள் இருக்கு.

— கத்துவேன்! நாலு பேர் கேட்கட்டும்! பரீட்சைக்கு ஆள் மாறாட்டம் பண்றவனைப் பார்த்திருக்கேன், ஸ்கேனுக்கு ஆள் மாறாட்டம் பண்றவரை இப்பத்தான் பார்க்கிறேன். நான் கேட்கிறேன், ரெண்டு வருஷமா வீங்கிட்டு இருந்தது ஒரே நாள்ல வத்திப்போச்சுன்னு சொன்னா இவங்க நம்பிருவாங்களா? அந்த ஆளுக்காவது புத்தி வேண்டாம்? அண்ணன் சொன்னா கிணத்துலயும் குதிப்பாரா?

— அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் கெஞ்சினேன். வண்டியை விட்டுட்டு வீட்டுல உக்கார்ந்தா நான் செத்துருவேன்டான்னு சொன்னேன். எனக்குப் பயம். போதுமா? அந்த நம்பரைக் கேட்கவே பயம்.

— பயந்தவர் என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் என்ன செத்தா போயிட்டேன்?

— சரி, நடந்தது நடந்து போச்சு. டாக்டர், இப்பவாவது புரியுதா நான் ஏன் தப்பு தப்புன்னு கத்தினேன்னு? தம்பி வயித்துல ஒரு கோளாறும் கிடையாது. அவன் படுத்த டேபிள்ல அஞ்சு புள்ளி ஒன்பதுன்னு வருதுன்னா, வேற எவனோடதையோ என் பேர்ல ஏத்திட்டீங்கன்னுதானே அர்த்தம்? என்னைக் குத்தம் சொல்ல வந்துட்டீங்க, முதல்ல உங்க ஆஸ்பத்திரியைத் திருத்துங்க!

— தம்பிக்கு வயித்துல கோளாறு கிடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? இதுக்கு முன்னாடி எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

— அவனுக்கு எதுக்கு? பீரோவைத் தனி ஆளா மாடிக்குத் தூக்கிட்டுப் போறவன் டாக்டர்.

— கூடப் பிறந்தவங்களுக்கும் இது வரலாம், ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு முதல் நாளே சொன்னேனே சார்.

— சொன்னீங்க. அட, அவனுக்கென்னன்னு விட்டுட்டேன்.

— சொன்னாங்களா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க!

— பாருங்க சார், ஸ்கேன் தப்பில்லை. அந்தப் படத்தை நானே ரெண்டு தடவை அளந்தேன். கார்டு நம்பர், நேரம் எல்லாம் சரியா இருக்கு. அன்னைக்கு அந்த டேபிள்ல படுத்தவரோட வயித்துலதான் இது இருக்கு.

— அப்படின்னா...

— அம்மா, கொஞ்சம் அழாம சொல்லுங்க. இடுப்பு வலின்னு மாடியில படுத்திருக்கார்னு சொன்னீங்களே, அது இந்தத் தம்பிதானா?

— எனக்கு இருக்கிறது ஒரே தம்பிதான் டாக்டர்.