ஆலாக் குஞ்சு

கடலோரம் திரியும் ஆலாவுக்கும் புயலுக்கு முன்னால் வரும் அந்தச் சின்னக் குருவிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஆலா மேலிருந்து மீனைப் பார்த்து, மூக்கு முதலில் படத் தண்ணீரில் விழும். அந்தக் குருவி விழாது. உடம்பெல்லாம் கறுப்பு; வாலடியில் மட்டும் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளை. காலைத் தொங்கவிட்டு அலைமேல் நடப்பதுபோலப் பறக்கும். அது ஆழ்கடலில் இருப்பது. கரையோரம் வந்தால் பின்னாலேயே புயல் வருகிறது என்று அர்த்தம். மணமேல்குடிக் கரையில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளத்தைத் தள்ளுமுன் ஆண்பிள்ளை திரும்பி நின்று வீட்டுப் பெண்ணிடம், "போகவா?" என்று கேட்பான். அவள் கடலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபிறகு தம்பி கண்ணுசாமி என்னிடம்தான் கேட்டான். அவனை வளர்த்ததில் என் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. கோட்டைப்பட்டினத்தில் அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். ராக்காயி நல்ல பெண். அவள் வந்தபிறகு முதன்முதலாகக் கடலுக்குப் போன அன்று அவன் அவள் பக்கம் திரும்பி நின்று, "போகவா?" என்றான். அவள் வெட்கப்பட்டுத் தலையாட்டினாள். நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் கார்த்திகை. அன்று காலை வானம் வெளுத்திருந்தது, காற்றே இல்லை. தம்பியும் கூடப் போகும் சோலையப்பனும் வலையை ஏற்றிவிட்டார்கள். அலைமேல் ஒரு குருவி. ராக்காயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. அது ஆலா இல்ல. வாலடியில வெள்ளை தெரியுது பாருங்க. மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவன் என் பக்கம் திரும்பினான்.

"என்னக்கா அது? போகவா?"

"ஆலாக் குஞ்சுடா. போய்ட்டு வா. ஏன் ராக்காயி, ஒங்க ஊர்ல ஆலாவே கெடையாதா?"

அவன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "நீங்க ரெண்டு பேரும் பாக்குற பார்வையில குருவி செத்துரும் போல," என்று சொல்லிக்கொண்டே வள்ளத்தைத் தள்ளினான்.

அன்று இரவு புயல் அடித்தது. பிறகு வள்ளத்தின் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. சோலையப்பனும் வரவில்லை. அவனைப் பற்றித் தனியாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ராக்காயி என் மடியில் விழுந்து அழுதாள். "நீங்க என்ன செய்வீங்க மதினி, தூரத்துல தெரிஞ்சிருக்காது," என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். ஊரும் அப்படியே சொல்லிவிட்டது. நான் மறுக்கவில்லை.

என் கண்ணில் குறை கிடையாது. இன்றைக்கும் அந்தி மங்கியபிறகுகூட ஊசியில் நூல் கோர்ப்பேன். அந்த வெள்ளையை ராக்காயிக்கு முன்பே பார்த்தேன். தம்பியைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

ஒவ்வொரு திதிக்கும் அவள் வந்து, கடைசியாக அவர் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்று சொல்லி அழுகிறாள். சிரித்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது என்னிடம்தான்.