சோதனைக்கும் நிஜத்துக்கும் நடுவே நின்ற ஜெபஷீலா

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, குருதிக்கொடையாளர் சங்கத் தலைவர் சண்முகராஜ் அண்ணாச்சி அவர்களே, அல்லிநகரத்து உறவுகளே, கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் கொடையாளர்களே, வணக்கம். என் பெயர் யுவராணி. நம் குருதிக்கொடைச் செயலியின் தலைமைப் பொறியாளர் ஜெபஷீலா அவர்களோடு நான்கு ஆண்டுகள் பணிசெய்தவள்.

அவர் என்ன வேலை செய்தார்? உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே அவருடைய வெற்றி.

எங்கள் செயலி ஒன்றுதான். அது ஓடும் இடங்கள் மூன்று. எழுதிப் பார்க்க ஓர் இடம், சோதித்துப் பார்க்க ஓர் இடம், உங்கள் கைப்பேசிக்கு மெய்யாகவே செய்தி அனுப்ப ஓர் இடம். எந்த இடத்தில் ஓடினால் யாருடைய எண்ணுக்குச் செய்தி போக வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் அமைப்புகளை நாங்கள் கான்ஃபிக் என்போம். அவற்றைக் காத்தவர் ஜெபஷீலா.

ஒருமுறை நிஜ இடத்தின் அமைப்பு ஒன்று சோதனை இடத்துக்குள் கலந்துவிட்டது. இல்லாத நோயாளிக்காக ‘அவசரமாக ரத்தம் தேவை’ என்று உங்களுக்குச் செய்தி வந்தது. மலையடிவாரத்து லோயர் கேம்ப் அந்தோணிமுத்து அண்ணன் பார்த்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, பஸ் ஏறித் தேனிக்கு வந்தார். ரத்த வங்கியில் கேட்டால், அப்படி ஒரு நோயாளியே இல்லை என்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஜெபஷீலா அவரைத் தேடி நேரில் ஓடினார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அண்ணன் கோபப்படவில்லை. “யாரும் சாகக் கெடக்கலேல்ல, அது போதும் தாயி. ஆனா அடுத்த தடவ மெய்யா செய்தி வந்தா நாங்க நம்பணும்ல?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி ஜெபஷீலாவை விடவில்லை. வருத்தம் தெரிவித்து ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்றது நிர்வாகம். புதிய வசதிகளை எல்லாம் நிறுத்திவைத்து செயலியையே மாற்றிக் கட்ட வேண்டும் என்றார் அவர். எங்கள் மேலாளர் செல்வமணி சார், “ஒரு வரி மாறுனதுக்கு வீட்டையே இடிச்சுக் கட்டணுமா?” என்றார். ஜெபஷீலா குரலை உயர்த்தவில்லை. “அந்த ஒரு வரிக்குத்தான் சார் அந்த அண்ணன் லோயர் கேம்ப்ல இருந்து வந்தாக.”

அந்தக் கூட்டத்தில் அவர் பக்கம் பேச ஒருவரும் இல்லை. ஆனாலும் செய்தார். தனியாகச் செய்தார். செயலியை ஒரே பொதியாகக் கட்டினார். மூன்று இடத்திலும் அதே பொதி ஓடியது. அமைப்புகளைப் பொதிக்கு வெளியே எடுத்து, இடத்துக்கு ஒன்றாகப் பிரித்தார். கடவுச்சொற்களைத் தனியே பூட்டினார். சோதனை இடத்திலிருந்து வெளியே செய்தி போகும் வழியையே அடைத்தார். இடத்துக்குப் பொருந்தாத அமைப்பு ஏதாவது உள்ளே வந்தால், செயலி தொடங்கவே மறுக்கும்படி செய்தார்.

சென்ற ஆண்டு புதிதாக வந்த ஒருவர் அதே தவறைச் செய்தார். சோதனை இடத்தில் செயலி தொடங்க மறுத்து நின்றது. பொய்ச் செய்தி ஒன்றுகூடப் போகவில்லை. அதே நாளில் மயிலாடும்பாறை பாண்டியம்மாளுக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டு மெய்ச் செய்தி வந்தது. நீங்கள் நம்பினீர்கள், வந்தீர்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். உங்களுக்கெல்லாம் நன்றி சொன்னார்கள். ஜெபஷீலாவுக்கு யார் சொன்னார்கள்? நடக்காமல் போன தவறுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அன்பர்களே, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் நாங்கள். அவரோடு நான் பேசாத நாள் இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசலை நான் முதன்முதலில் மிதித்தது, அவர் உடலைப் பார்க்கத்தான். அவர் இருந்தது போடியில்தான், இங்கிருந்து எத்தனை தூரம்? தாயார் மறைந்தபின் அந்த மாடி அறையில் அவரும் கணினியும்தான். அவர் இறந்த அன்று, காலைக் கூட்டத்தில் திரையில் அவர் பெயர் மட்டும் வரவில்லை. இணையம் போயிருக்கும் என்று நினைத்தோம். ஆம், அப்படித்தான் நினைத்தோம். மதியத்துக்கு மேல் கீழ்வீட்டு மொக்கம்மாள் அக்கா கதவைத் தட்டியபோது, இதயம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. “சத்தமே காட்டாத பிள்ளம்மா அது. அதான் சத்தம் இல்லைன்னு எங்களுக்குத் தோணவே இல்ல” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சத்தம் இல்லாமல் வேலை நடப்பதை நலம் என்று எடுத்துக்கொண்ட நாம், சத்தம் இல்லாமல் ஒருவர் வாழ்ந்ததையும் நலம் என்றே எடுத்துக்கொண்டோமா?

ஜெபஷீலா அவர்கள் கட்டிய தடுப்பு அப்படியே நிற்கும். சோதனை சோதனையாக இருக்கும். உங்களுக்கு வரும் செய்தி மெய்யாக இருக்கும். இந்தச் சபை முன்னே அந்த உறுதியைத் தருகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் அவர் செய்தபடி செய்ய மாட்டோம்.

நேற்று நிஜ இடத்தில் ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. ஒரே ஆள் செய்யக்கூடிய சின்ன வேலை. கம்பத்தில் இருக்கும் எங்கள் பொறியாளர் ரூபனை அழைத்தேன். ஏதும் சிக்கலா என்று கேட்டார்.

“சிக்கல் எதுவும் இல்ல ரூபன்,” என்றேன். “முடியுற வரைக்கும் லைன்ல இருங்க.”