பின்சீட்டில் கட்டிய நாடா

புதிதாக எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும், கூட வரும் குறிப்புப் புத்தகத்தை முதலில் படித்துவிடுவது என் வழக்கம். மிக்ஸியானாலும் சரி, தைல பாட்டிலானாலும் சரி. முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன், இன்ஸ்பெக்டர் சார். நான் கையெழுத்துப் போட்ட சாமானை இன்னொருத்தன் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். ஆகவே அந்தக் குழந்தை சீட்டை மாட்டத் தெரியாமல் போய்விட்டது என்று என் வக்கீல் வந்து சொன்னால் எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரியும்.

சீட்டை மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தவள் என் பெண் சுந்தரி. தொண்ணூற்றாறு மே மாதம், ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்தாள். அவள் புருஷன் தனசிங்குக்கு லீவு கிடைக்கவில்லை. அவளாகப் பார்த்து, அவளாகச் செய்துகொண்ட கல்யாணம். பையனுக்குக் கூடுவாஞ்சேரி, அப்பா ஏசுபாதம் பஞ்சாயத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். நான் ஜாதி மதம் பார்க்கிறவன் இல்லை. மாப்பிள்ளை காபி குடிக்கவென்றே தனியாக ஒரு டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன மரியாதை செய்ய முடியும்?

குழந்தைக்குத் தனசிங்கின் அம்மா பெயரையே வைத்திருந்தார்கள், செல்வமேரி என்று. எனக்கு வாயில் வரவில்லை. அது, இது என்றே கூப்பிட்டேன். குழந்தையை அப்படிச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கம்தானே.

என் மாருதிக்கு அப்போது இரண்டு வயது. வாங்கிய அன்று சீட்டுகளின் மேல் இருந்த பாலிதீன் உறையை நான் இன்னும் கிழிக்கவில்லை. கிழிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். வண்டியில் முன்சீட்டுக்கு மட்டும்தான் பெல்ட் உண்டு. மீனம்பாக்கத்தில் இறங்கியதும் குறிப்புப் புத்தகத்தைப் படித்து, அதன்படியே குழந்தை சீட்டை முன்னால் மாட்டினேன். காரின் பெல்ட்டை அதன் முதுகுப்புறத் துவாரத்தில் நுழைத்து, முழங்காலை ஊன்றி அழுத்தி இழுக்க வேண்டும். பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அசையவில்லை. சுந்தரி பின்னால் ஏறிக்கொண்டாள்.

பல்லாவரம் தாண்டியதும் அது வாந்தி எடுத்தது. தயிர்சாதமும் பிஸ்கட்டும் கலந்து, புளித்த நாற்றம். கியர் மேல் இருந்த என் கையில் வெதுவெதுப்பாக விழுந்து விரலிடுக்கில் வழிந்தது. சுந்தரி பின்னாலிருந்து, "சாரிப்பா, சாரிப்பா" என்றாள். வீட்டுக்கு வந்து ஏழு தடவை கை கழுவினேன். என் மனைவி காமு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணரை வயசுக் குழந்தை வாந்தி. அதுக்கு இத்தனை டெட்டாலா?"

அவளுக்குப் புரியாது. அன்று இரண்டு வேளை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிசைந்த சாதத்தைப் பார்த்தாலே குமட்டியது.

அடுத்த ஞாயிறு கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டும் என்றாள் சுந்தரி. அவள் மாமியார் பேத்தியை இன்னும் பார்க்கவில்லையாம். இன்னொரு தடவை என் பக்கத்தில் அது உட்கார முடியாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். பின்னால் பெல்ட் பொருத்தலாம், ஆனால் வண்டியின் அடித்தகட்டில் ஓட்டை போட வேண்டும். நல்ல வண்டியில் யார் ஓட்டை போடுவார்கள்?

பரணில் பழைய கட்டிலின் நாடா இருந்தது. அதைக் குழந்தை சீட்டின் துவாரத்தில் நுழைத்து, இரண்டு முனைகளையும் பின்சீட்டு மெத்தையின் இடுக்கில் ஆழமாகச் சொருகினேன். எதிலும் கட்டவில்லை. கட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. பார்க்கக் கச்சிதமாக இருந்தது.

"சீட்டு முன்னாடிதானேப்பா வைக்கணும்?" என்றாள் சுந்தரி.

"பின்னாடி பெல்ட் போட்டாச்சு. மெக்கானிக்கை வெச்சுண்டுதான் போட்டேன்."

"நன்னா டைட்டா இருக்கா?"

"நான் பார்த்தது எப்படி இருக்கும்?"

அவள் சிரித்தாள். "அதானே" என்று சொல்லி, குழந்தையை உட்கார வைத்து, தோள் வாரை மாட்டி, நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தாள். எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி. நாடாவை அவள் இழுத்துப் பார்க்கவில்லை; தானும் பின்னால் ஏறிக்கொண்டாள். அப்பா சொன்னால் போதும் அவளுக்கு.

வண்டலூர் அருகே ஒரு பஸ் குறுக்கே ஒடித்தது. பிரேக் போட்டேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். பாலிதீன் மேல் அந்த சீட்டு வழுக்கி, குழந்தையோடு அப்படியே முன்னால் வந்து, முன்சீட்டு முதுகின் இரும்புச் சட்டத்தில் மோதி நின்றது. நாடா அதன் பின்னால் தொங்கியது. சுந்தரி அந்த நாடாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி, "ஆஸ்பத்திரிக்குப் போப்பா, சீக்கிரம்" என்றாள். அதன் மூக்கிலும் வாயிலும் ஏதேதோ வழிந்துகொண்டிருந்தது. நான் டிக்கியைத் திறந்து பழைய பேப்பரை எடுத்துப் பின்சீட்டில் விரித்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அதிகமில்லை. அதற்குள் ஓர் ஆட்டோக்காரன் வந்துவிட்டான்.

"யோவ் பெர்சு, இன்னா பண்ணிகினு கீற? கொயந்த மூச்சு வுடல, நீ பேப்பர் விரிச்சிகினு கீற. யக்கா, நீ வா, ஆட்டோல ஏறு."

அவர்கள் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை என்று பிறகு சொன்னார்கள். சுந்தரி அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. கோபம் தணியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நாடாவைச் சொருகியது நான்தான். அது தாங்காது என்று தெரிந்துதான் சொருகினேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நேற்று நீங்கள் கேட்டீர்களே, என் பிள்ளை வயிற்றுப் பேரன் இந்த வண்டியில் போனதே இல்லையா என்று, அந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் போகவில்லை? மாடம்பாக்கம் கோவிலுக்கு அடிக்கடி கூட்டிப் போவேன். முன்சீட்டில்தான் உட்காருவான். பெல்ட்டை நானே போட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவனும் வாந்தி எடுப்பான். போன மாதம்கூட எடுத்தான்; இந்தக் கையாலேயே ஏந்தி வெளியே கொட்டினேன். ஒரு நாற்றமும் தெரியவில்லை. அதையும் இதையும் எப்படி சார் ஒன்றாகச் சேர்க்கிறீர்கள்? அவன் எங்கள் குழந்தை.