கடைசி இலக்கம்

என் மகளை வேலைக்கு எடுக்குமுன் அவள் குணத்தைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் அனுப்பிய படிவம் கிடைத்தது. பதிலுக்கு நாலு வரிதான் இடம் விட்டிருக்கிறீர்கள். போதாது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன்.

நான் அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன். வீட்டில் நாலு கணினிகள் இருந்தன. கூடத்தில் என்னுடையது, படுக்கையறையில் மனைவியுடையது, மகளுடைய மடிக்கணினி, மாடியறையில் மைத்துனருடைய பழைய பெட்டி. நாலும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒன்றையொன்று தெரியாமல் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாள் லீவு போட்டு, குழுப் பெயரை ஒன்றாக்கி, கடவுச்சொற்களைத் தளர்த்தி, எல்லாவற்றையும் இணைத்தேன். யாருடைய கோப்பையும் யாரும் திறக்கலாம், திருத்தலாம்.

“பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தா முடிஞ்சுது. எதுக்குப்பா இந்தக் கூத்து?” என்றாள் மகள்.

என் திரையில் நாலு கணினிகளும் நாலு குட்டிப் படங்களாக வரிசையாக வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பிடக்கூட நாங்கள் அப்படி ஒன்றாக உட்கார்ந்ததில்லை.

மறுவாரம் அவள் கோப்புறையில் ஒரு வேலை விண்ணப்பத்தைப் பார்த்தேன். வெளியூரில், கட்டட வரைபடம் போடும் வேலை. அவள் போனால் மடிக்கணினியும் போகும். மூன்று படம்தான் மிஞ்சும். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவளுடைய கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் ஆறு. விண்ணப்பத்தில் அதை ஒன்பதாக்கினேன். பிழைகளை எடுத்தே பழகிய கை, முதல்முறையாக ஒன்றைப் போட்டது.

சொந்த எண்ணை யாரும் திரும்பப் படிப்பதில்லை. என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அவள் அதையே அச்செடுத்துக்கொண்டு இரண்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். குளிக்கப் போகும்போதுகூடக் கைபேசியை எடுத்துக்கொண்டு போவாள். “நம்ம பொண்ணுக்கு மட்டும் ஏங்க இப்படி?” என்று மனைவி அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. மகளின் தலையைத் தடவி நானே ஆறுதல் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சர் கடைக்காரர் ஒருவர் எங்கள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

“கட்டடம் வரைய வாங்கன்னு இதுவரைக்கும் பதினேழு பேர் எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ராங் நம்பர்னா நம்ப மாட்டேங்கறாங்க. நான் டியூப் ஒட்டறவன் சார். இந்த விலாசத்தக் குடுத்த கடைசி ஆள் சொன்ன சம்பளத்தைக் கேட்டு, போயிடலாமான்னு எனக்கே ஆசை வந்துருச்சு.”

மகள் மடிக்கணினியைத் திறந்தாள். கோப்பைக் கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் மறைக்கவில்லை.

“ஏம்ப்பா?” என்று மட்டும் கேட்டாள். என் திரையைக் காட்டினேன். அந்த நாலு படங்களையும் பார்த்தாள்; மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

அன்று சாயங்காலமே மூவரும் கிளம்பிவிட்டார்கள். மைத்துனர் தன் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போனார். “உங்க வீட்டுச் சோத்தத் தின்னவன் மச்சான், அதனால ஒண்ணும் சொல்லல,” என்றார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவள் நேர்மையானவள், பொறுமைசாலி. பெற்றவனை இன்றுவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை அவளிடம் தரப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் வீடு திரும்ப வேண்டும் என்ற ஆசையில் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்கிறவன் அல்ல நான். உண்மையை மட்டும் எழுதுகிறேன்: தன் சொந்த எண்ணில் இருந்த பிழையையே இரண்டு வருடமாகக் கண்டுபிடிக்காத பெண் அவள்.