அவள் காதிலிருந்த ஞாயிற்றுக்கிழமைகள்

உங்கள் தகரத்தில் இன்னும் துரு ஏறவில்லை, நல்லையா. பின்கட்டுச் சுவரில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. வாரம் ஒருமுறை துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறேன். மலாக்காவின் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தகரப் பட்டறைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் என் ரேடியோக் கடைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. காஜா பேராங் சாலையில் என்னைக் கண்டால் சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். தையல்கடை ஷரீஃபுதீன் காரணம் சொன்னார். "ஒரு பெண்ணின் காதைக் கெடுத்தவன் எந்த முகத்தோடு அந்த அறைக்குள் நுழைவது?" என்று அவரிடம் கேட்டீர்களாம். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிட்டால் உங்கள் மனம் லேசாகிவிடும்.

உங்களை அதிகம் வருத்தக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஞாயிற்றுக்கிழமை இசையை நான் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பான்காரர் காலத்தில் இங்கே தந்திக் கம்பி வேலைக்கு வந்த மொரிதா என்ற சிப்பாயிடம் கற்றுக்கொண்டேன். அவருக்கு நான் எடுபிடி. போருக்கு முன் தோக்கியோவில் ஒரு நூடுல்ஸ் கடையின் நிலவறையில் ஐந்து பேர் கூடுவார்களாம். வாத்தியம் என்று பெயருள்ள எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. வாளி, சங்கிலி, கண்ணாடி, ரேடியோ இரைச்சல். ஒருவர் மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பார். மற்றவர்கள் அவருடைய விரல்களைப் பார்த்து வாசிப்பார்கள். போலீஸ் வந்து மூடிவிட்டது. "திரும்பிப் போனால் மறுபடியும் திறப்பேன்" என்று மொரிதா சொன்னார். திறந்தும்விட்டார்.

உங்கள் அண்ணன் மாணிக்கவாசகம் ஜப்பான்காரர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பி வராதவர். ஜப்பான்காரனின் வழக்கம் என்று தெரிந்தால் நீங்கள் அந்த அறையில் காலை வைத்திருக்க மாட்டீர்கள். ஆகவே மறைத்தேன். அது தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

மற்றது இதைவிடச் சுலபம்.

ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரை, பழுது பார்க்கக் கொடுத்த டேப் ரெக்கார்டரை வாங்காமலே கப்பலேறிவிட்டார். அதை வைத்து ஐம்பத்தைந்தில் தொடங்கினோம். ஞாயிறு மதியம் மூன்று மணி. அக்கம்பக்கம் முழுவதும் மேட்னி ஷோவுக்குப் போயிருக்கும் நேரம். நீங்கள் ஆறடித் தகரத்தைத் தலையில் சுமந்து வருவீர்கள். ஷரீஃபுதீன் தன் கால்மிதித் தையல் மிஷினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்.

"வாப்பா கண்ணுல பட்டா அவ்ளோதான் கலியாணண்ணே. கோட்டுத் தைக்கச் சொன்னா மிஷின பாட வெக்கிறியாடான்னு என்னையும் அதையும் சேத்துக் கட்டி ஆத்துல எறக்கிடுவாரு."

"மிஷின எறக்க மாட்டாரு பாய். அதுக்கு வெல இருக்கு" என்பீர்கள் நீங்கள்.

அப்போது நாம் மூவர் மட்டும். சத்தம் இருந்தது. இசை இல்லை. கேட்பதற்குத் தகுந்த காது நம்மில் யாருக்கும் இல்லை.

கமலவேணி முதன்முதலில் ஒரு வாடிக்கையாளராகத்தான் வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து ஊர்க்காரர்களை ஒருவரோடொருவர் இணைத்துவிடும் பெண். தன் வீட்டு ரேடியோவை மேசைமேல் வைத்து, "இது ரிப்பேர் இல்லண்ணே. நல்லாத்தான் பாடுது. உள்ளுக்குள்ள ஒரு கொசு அழுவுது, அத மட்டும் எடுத்துடுங்க" என்றாள். எனக்கு எந்தக் கொசுவும் கேட்கவில்லை. ஒரு பகல் முழுவதும் மீட்டரை வைத்துத் தேடினேன். கொசு இருந்தது. அடுத்த ஞாயிறு அவளை நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். அவள் சுண்டுவிரலை மடக்கினால் ஷரீஃபுதீன் மிதிப்பதைக் குறைப்பார். உள்ளங்கையைத் திருப்பினால் நீங்கள் தகரத்தை அடிப்பதை விட்டுத் தடவுவீர்கள். கண்ணை மூடினால் நான் ரேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள இரைச்சலைத் திறந்துவிடுவேன். மூன்று முட்டாள்கள் செய்த சத்தம் அவள் தலைக்குள் போய் ஒன்றாகிக்கொண்டிருந்தது. நமக்கு அது கேட்காது. அவள் முகத்தில் பார்ப்போம். "தகரக்காரரே, இன்னிக்கு இடி கொஞ்சம் கம்மியா போடுங்க. எனக்கு இருக்கறது ரெண்டே காதுதான்" என்று உங்களைப் பார்த்துச் சிரிப்பாள். நீங்கள் தகரத்தைத் துடைப்பீர்கள்.

நம்மிடம் இருந்தது ஒரே ஒரு டேப். இந்த வார ஞாயிற்றைப் பதிந்தால் போன வார ஞாயிறு அழிந்துவிடும். இதை ஒரு குறையாக நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். நான் நினைக்கவில்லை. எல்லா ஞாயிறுகளும் கமலவேணியின் காதில் இருந்தன. கிட்டத்தட்ட எழுபது. டேப் வெறும் சாமான்.

ஐம்பத்தேழு ஆகஸ்ட்டில் பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. அதே வாரம் தோக்கியோவிலிருந்து மொரிதாவின் கடிதமும், அதோடு ஒரு புது டேப்பும் வந்தன. நிலவறையில் இப்போது பன்னிரண்டு பேர் கூடுகிறார்களாம். மலாக்காவிலிருந்து ஒன்று பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு, பதினெட்டாம் தேதி, காப்பி ஆற்றிக் கொடுக்கும்போது கமலவேணி சொன்னாள்:

"கோலாலம்பூர் ரேடியோவுல பாட எடுத்துருக்காங்கண்ணே. மெல்லிசைப் பாட்டு. எக்ஸ்சேஞ்சுல வேலைய விடறதா எழுதிக் கொடுத்தாச்சு. வர்ற வாரம் விட்டு செவ்வாக்கெழம காலையில பஸ்ஸு."

ஷரீஃபுதீன் கைதட்டினார். "அப்படிப் போடு! இனிமே எங்க வூட்டு ரேடியோவுல கொசு அழுதாக்கூட அது நீதான்னு நெனச்சுக் கேப்பேன்."

நீங்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றீர்கள். உங்களுக்கும் இசை நின்றுவிடப்போகிற வருத்தம் என்று புரிந்துகொண்டேன்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இத்தனை ஞாயிறு கேட்டியே, அதெல்லாம் என்ன ஆகும்?"

அவள் சிரித்தாள். "மறந்துடும்ண்ணே. புதுப் பாட்டு ஏறுனா பழசு போயிடும். ஒங்க டேப்பு மாதிரித்தான்."

அவள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது சரியான தகவல். ரேடியோவில் தினம் இரண்டு பாட்டு என்றாலும் ஒரு வருடத்தில் எழுநூறு. எழுபது ஞாயிறுகள் அதற்கடியில் என்ன ஆகும்? ஒரு டேப்பை அழியாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் மறுபடி பதிய முடியாமல் செய்ய வேண்டும். வேறு வழி கிடையாது. ஒரு வாரம் முழுக்க யோசித்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

முதலில் என் இடது காதில் குறைந்த அளவில் சோதித்துப் பார்த்தேன். இன்றும் அந்தப் பக்கம் பேசினால் எனக்குக் கேட்காது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் பட்டுப் பார்க்காத எதையும் அவளுக்குச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இருபத்தைந்தாம் தேதி மழை வரும் என்று காலையிலேயே தெரிந்தது. மதியம் இடியும் சேர்ந்துகொண்டது. இடி இடித்தால் கூரை ஏரியலின் விசையை இறக்கி மண்ணோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் மின்னல் கம்பி வழியாக உள்ளே வந்துவிடும் என்று நான்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர் நீங்கள் என்பதால் அந்த வேலை உங்களுடையது.

இனி வரும் வரியை நிதானமாகப் படியுங்கள். அன்று நீங்கள் விசையை இறக்கினீர்கள். நான் பார்த்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இறக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தகரத்தை எடுக்கப் போனீர்கள். நீங்கள் முதுகைத் திருப்பியதும் நான்தான் அதை மறுபடி ஏற்றிவைத்தேன்.

மின்னல் எதுவும் உள்ளே வரவில்லை. திடலுக்குப் போகவேண்டிய ஆம்ப்ளிஃபையர் மேசைக்கடியில், துணிக்குள் இருந்தது. அவளுடைய ஹெட்போன் கம்பியை அதில் சொருகியிருந்தேன். அன்றைய வாசிப்பு மிக நன்றாக அமைந்தது. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. முடியட்டும் என்று காத்திருந்தேன். வெளியே பெரிய இடி ஒன்று விழுந்தது. அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபையரின் விசையைத் தட்டினேன். ஒரு நொடி. அதற்கு மேல் இல்லை.

அவள் அலறியதும் நீங்கள் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினீர்கள். ஷரீஃபுதீன்தான் கதவுப்பக்கம் பார்த்து, "ஐயோ நல்லையா, விசை மேலேயே இருக்கே!" என்றார். நீங்கள் விசையைப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் கையைப் பார்த்தீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏரியலைப் பற்றிக் கேட்டபோது, "நாந்தான் டாக்டர், மறந்துட்டேன்" என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் உங்கள்மேல் பழி போடவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அப்போது அதை மறுத்துப் பேசுவது எல்லோரையும் குழப்பியிருக்கும்.

மெர்டேக்கா அன்று திடலில் ஆம்ப்ளிஃபையர் நன்றாக வேலை செய்தது.

அன்றைய ஞாயிற்றை மொரிதா அனுப்பிய புது டேப்பில்தான் பதிந்திருந்தேன். நம் வாசிப்பு, இடி, அதற்குப் பிறகு அவள் குரல், தகரம் தரையில் விழுவது, எல்லாம் அதில் இருந்தன. கோலாலம்பூருக்குப் போகவேண்டிய குரல் தோக்கியோவுக்குப் போயிற்று. மூன்று மாதத்தில் பதில் வந்தது. பன்னிரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூன்று முறை கேட்டார்களாம். கடைசியில் வருகிற உயரமான ஓசை மிக அபூர்வம், அது எந்தக் கருவி என்று கேட்டிருந்தார். நான் இன்னும் பதில் எழுதவில்லை.

நீங்கள் அடுத்த தை மாதம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டீர்கள். அவள் அம்மா பாக்கியலட்சுமி, "தெரியாம செஞ்ச தப்புக்கு இப்படியும் ஒரு மனுசனா" என்று கோயில் மண்டபத்தில் அழுதார். நான் முன்வரிசையில் இருந்தேன். அப்போது எனக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவர் ஆயுள் முழுவதும் பரிகாரம் செய்வது நியாயமில்லை.

போன மாதம் பசாரில் உங்கள் இருவரையும் பார்த்தேன். மீன் கடைக்கு முன்னால் நீங்கள் ஏதோ சொல்ல, அவள் உங்கள் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். அத்தனை ஜனத்துக்கு நடுவே நீங்களும் அசையாமல் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று புரிந்தது. அன்று இரவே இதை எழுத முடிவு செய்தேன்.

ஆகவே நல்லையா, விசையை நீங்கள் இறக்கினீர்கள். கமலவேணியின் காதுகளைக் கெடுத்தது நான். உங்களுக்கு அவளிடம் செய்ய வேண்டிய கடமை என்று எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டுமென்றாலும் காட்டுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும். அவளுக்குள் எழுபத்தோரு ஞாயிறுகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூட அழியவில்லை. ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காத பாதுகாப்பு அது. நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மொரிதா இன்னொரு டேப் அனுப்பியிருக்கிறார். ஷரீஃபுதீன் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. உங்களைப் பார்த்துவிட்டு அவரும் வந்துவிடுவார். நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது. ஹெட்போனைத் துடைத்து, கம்பியைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு வந்துவிடுங்கள். இனி நீங்கள் வராமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்